நாலு அறைப் பெட்டி

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கிற பையில் பெட்டி இருக்கிறது. மேலே கம்பித் தட்டில் வைக்கலாம் என்று கண்டக்டர் சொன்னார். அங்கே வைத்தால் பல்லடத்தில் திரும்பும்போது யார் தலையிலாவது விழும். தலைக்கு ஒன்றும் ஆகாது, பெட்டிக்கு ஆகிவிடும்.

எதுவரைக்கும் போகிறீர்கள்? வெள்ளகோவிலா. சரி. நான் காங்கேயத்தில் இறங்கிவிடுவேன். அதற்கப்புறம் நீங்கள் காலை நீட்டிக்கொள்ளலாம்.

என்ன பெட்டி என்று கேட்டீர்களா? கேட்கவில்லையா? பையையே பார்த்த மாதிரி இருந்தது. நீங்கள் கம்ப்யூட்டர் பை வைத்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாஸ் என்கிறார்கள். வீட்டில் இருக்கிற படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் இதற்குள் போட்டு ஒரு மூலையில் வைத்துவிட்டால் போதும். டிவியில் பார்க்கலாம், போனில் பார்க்கலாம், சிடி தேட வேண்டியதில்லை. இது நாலு அறைப் பெட்டி. என் சகலை வீட்டில் இருப்பது இரண்டு அறைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சகலை என்றால் என் வீட்டுக்காரியின் தங்கை புருஷன். தெய்வசிகாமணி என்று பெயர். டெலிபோன் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். நான் தேங்காய்க் களம் வைத்திருந்தேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொப்பரை காயவைத்த ஆள். இரண்டு பேரும் ஒரே வீட்டு மாப்பிள்ளைகள். நான் மூத்த மாப்பிள்ளை. மாமனார் வீட்டில் ஏதாவது யோசனை என்றால் யாரைக் கேட்க வேண்டும்? என்னைத்தானே. அவரைத்தான் கேட்பார்கள். தோட்டத்தை விற்கலாமா என்று மாமியார் கேட்டது அவரை. விற்ற பிறகு சாப்பிடக் கூப்பிட்டது என்னை.

ஆள் அதிர்ந்து பேசமாட்டார். அதுவே ஒரு வித்தை. நாம் நாலு வார்த்தை சத்தமாகப் பேசியிருப்போம். அவர் கடைசியில் மெல்ல ஒன்று சொல்வார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். என் மகள் தாரணி இருக்கிறாளே, சின்னதில் இருந்து சித்தப்பா சித்தப்பா என்றுதான் அவளுக்கு. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் சித்தப்பா என்பாள். சைக்கிள் வாங்கிக்கொடுத்தது நான். அதை யாரும் கேட்பதில்லை.

அப்படி இருக்கும்போது அவர் வீட்டில் அந்தப் பெட்டி வந்தது. பழைய கேசட் எல்லாவற்றையும் ஒரு மெஷினில் ஓட்டி, அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினார். அவர் கல்யாண வீடியோவும் அதில் இருந்தது. என் கல்யாணத்தில் வீடியோ கிடையாது. போட்டோ மட்டும்தான். அதிலும் பாதியில் என் கண் மூடியிருக்கும். அவர் கல்யாணம் பிந்தி நடந்ததால் வீடியோ. பிந்திப் பிறந்தது ஒரு சாமர்த்தியமா, சொல்லுங்கள்.

அன்றில் இருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டுக்காரி அங்கே போய்விடுவாள். சிவகாமி என்று பெயர். காலையில் சோறாக்கி எனக்கு மூடி வைத்துவிட்டு, ஒரு தூக்கில் குழம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. அவர்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். நானும் சில தடவை போனேன். போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கல்யாண வீடியோவில் ஓர் இடத்தில் நான் வருகிறேன்.

பந்தியில். இலையை மாற்றிப் போட்டிருந்தார்கள், நுனி வலப்பக்கம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உட்காருகிற பந்தி. நான் மூத்த மாப்பிள்ளை, நான் கேட்காமல் யார் கேட்பது? கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். வாயைத் திறந்து கையை நீட்டி நிற்கிறேன். பாயச வாளியோடு நிற்கிறான் குழந்தைவேலு. சிவகாமிக்குத் தம்பி, என் மச்சினன். அவனைத்தான் திட்டுகிறேன். அவன் சிரித்துக்கொண்டே என் தோளில் இருந்த துண்டை எடுத்து என் வாயைத் துடைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறான். அவ்வளவுதான். அந்த இடம் வந்தால் போதும். நிறுத்து, பின்னால போ, இன்னொரு தடவை போடு. எல்லோருக்கும் சிரிப்பு. சிவகாமியும்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர இன்னொரு தடவை போடச் சொல்லுவாள். கட்டின புருஷன் திட்டுகிற படத்தைப் போட்டுக் காட்டிச் சிரிக்கிற ஒரு வீடு உண்டா?

குழந்தைவேலு அதே வருஷம் லாரி அடித்துப் போய்விட்டான். அவன் வேறு எந்த வீடியோவிலும் இல்லை. அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது என்னை வைத்து அவர்கள் சிரிப்பதை.

அப்போதுதான் முடிவு பண்ணினேன். நம் வீட்டிலும் ஒரு பெட்டி வைப்போம், அவர் பெட்டியைவிடப் பெரிதாக வைப்போம். ரிமோட் நம் கையில் இருக்கும். அந்த இடம் வரும்போது தாண்டிவிடலாம்.

எந்தப் பெட்டி வாங்குவது என்று சகலையைக் கேட்டிருக்கலாம். எதற்குக் கேட்க வேண்டும்? கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிட்டேன். காந்திபுரம் பக்கம் ஒரு கடை. கண்ணாடி அறை, ஏசி. பையன் ஒருத்தன் வந்து, "எதுக்குங்க ஐயா வேணும், எத்தனை பேர் பார்ப்பீங்க, டிவி எந்த வருஷத்து டிவி, வீட்டுல நெட் எவ்வளவு வேகம்" என்று பெண் பார்க்க வந்த மாதிரி கேட்டான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ரெண்டு அறை வெச்சதுக்கு மேல என்ன இருக்குது?"

"நாலு இருக்குதுங்க."

"அதை எடு."

"ஐயா, வீட்டுக்குன்னா ரெண்டே போதுங்களே."

"உனக்கென்ன தம்பி, விக்கறது கசக்குதா?"

எடுத்துக்கொண்டு வந்தான். கறுப்பாக, கனமாக, முன்னால் நாலு கதவு. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. காங்கேயத்தில் என் குடோனும் அப்படித்தான் இருந்தது, வரிசையாக நாலு கதவு. அப்புறம் அவன் ஆரம்பித்தான். "ஹார்ட் டிஸ்க் தனியா வாங்கணுங்க ஐயா. எத்தனை போடறது?" என்றான். எனக்குத் தெரியாதா, கடைக்காரன் புத்தி? மிக்ஸி வாங்கினால் இன்னொரு ஜாரையும் தலையில் கட்டுவார்கள். குடோன் வாங்க வந்தவனிடம் சாக்கையும் சேர்த்து விற்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "முதல்ல இது நிறையட்டும், பத்தலைன்னா வந்து வாங்கிக்கறேன்" என்றேன். பையன் ஒரு மாதிரி பார்த்தான். இன்னொரு தடவையும் என்னவோ சொன்னான். சன்னமான குரல். ஏசி சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஷோகேஸ் மேல் வைத்தேன். கேபிள்காரனைக் கூப்பிட்டு நெட் ஒயரைச் சொருகச் சொன்னேன். பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் போட்டேன். பார்ப்பதற்கு அம்சமாக இருந்தது. படம்தான் வரவில்லை.

பூஜை லீவுக்குத் தாரணி பெங்களூரில் இருந்து வந்தாள். வந்ததும் பெட்டியைப் பார்த்தாள். ஒரு கதவைப் பாதி இழுத்துப் பார்த்துவிட்டு மூடினாள்.

"அப்பா, கடைக்காரர் வேற ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னான். விக்கறவன் எல்லாந்தான் சொல்லுவான்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். "சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள். திரும்பி வந்து டிவியில் ஏதேதோ அமுக்கினாள். படம் வந்துவிட்டது தம்பி. சகலை வீட்டில் இருந்த அத்தனையும் வரிசையாக என் டிவியில். "என்ன சாமி பண்ணினே?" என்றேன். "சித்தப்பாகிட்ட இருக்கறதெல்லாம் நம்ம டிவியில வர்ற மாதிரி பண்ணிட்டேன்ப்பா. பெட்டியை யாரும் தொட வேண்டாம். அடுத்த தடவை வர்றப்ப நான் வாங்கிட்டு வந்து மாட்டித் தர்றேன்" என்றாள். என்னத்தையோ மாட்டுவதாகச் சொன்னாள். பெண்பிள்ளைக்கு அப்பா வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போட வேண்டும் என்று ஆசை இருக்கும்தானே. சரி என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் என் வீட்டில்தான். நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், நாலு அறைப் பெட்டி வந்திருக்கிறது, இனி எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள் என்று. வந்தார்கள். சகலையும் வந்தார். ஷோகேஸ் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டார். "எப்படிங் சகலை ஓடுது, உங்களுதைவிட வேகமா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன். "நல்லா ஓடுதுங்க" என்பார். அவ்வளவுதான் வரும் அந்த வாயில் இருந்து. நான் அவர் முகத்தையே பார்ப்பேன். ஒரு பொறாமை, ஒரு வயிற்றெரிச்சல், எதுவும் காட்டமாட்டார். அழுத்தம்.

சிவகாமிக்குத்தான் என்னவோ, என் வீட்டில் சிரிப்பே வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து இது யார், அது யார், யார் எவ்வளவு மொய் வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவேன். பந்தி வந்ததும் ரிமோட்டை அமுக்கித் தாண்டிவிடுவேன். "அந்த இடத்தைப் போடுங்க" என்று ஒரு தடவை கேட்டாள். "அங்க ஒண்ணுமில்லை" என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. அடுத்த வாரம் படம் ஓடும்போது சமையலறையில் போய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் இருக்கிற பொருளுக்கு என்றுமே மதிப்பில்லை.

போன ஞாயிறு அதே மாதிரி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சிவகாமியும் வந்து கதவோரம் நின்றாள். பந்தி வந்தது. ரிமோட்டை எடுத்தேன். நான் அமுக்குவதற்குள் படம் நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தபடி, குழந்தைவேலு துண்டும் கையுமாக, அப்படியே. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் கரண்ட் இருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது. சிவகாமி டிவிக்கிட்டப் போய் முந்தானையால் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். தூசி துடைக்கிற நேரமா அது?

அதே சமயம் சகலை வீட்டுக்காரி, கொழுந்தியா பூங்கொடிக்குப் போன் வந்தது. அவர்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போய்விட்டதாம். பூங்கொடிக்கு வாயில் பூட்டே கிடையாது. "ஏனுங் மாமா, எங்க வீட்டுல கரண்ட் போனா உங்க வீட்டுல எதுக்குங்க படம் நிக்குது?" என்றாள்.

"ஒயர்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்" என்று சகலை எழுந்தார். "இன்னைக்கு இது போதுங் சகலை, பேசிட்டு இருக்கலாம்."

எனக்கு அப்போதே சந்தேகம். எதற்கு அவ்வளவு அவசரம்? பெட்டியை இறக்கி ஒவ்வொரு கதவாக இழுத்தேன். நாலும் காலி. கூட்டி விட்ட களம் மாதிரி பளிச்சென்று இருந்தது. பின்னால் இருக்கிற சுவர் தெரிந்தது.

"உள்ள இருந்ததைக் காணோம்" என்றேன். "இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல வாரா வாரம் உட்கார்ந்தது யாரு?"

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள்.

"அதுல ஒண்ணும் இருந்ததில்லைங் சகலை" என்றார் அவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தாரணி சொல்லுச்சுங்க. எங்க வீட்டுப் பெட்டியில இருந்துதான் நெட் வழியா இங்க வருது. நீங்க ஆசையா வாங்கி வெச்சிருக்கீங்க, சொன்னா சங்கடப்படுவீங்கன்னு..."

பார்த்தீர்களா தம்பி. அத்தனை வாரமும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் வீட்டில் உட்கார்ந்து, என் போண்டாவைத் தின்றுகொண்டு, அவர் படத்தையே என் டிவியில் பார்த்து, நல்லா ஓடுதுங்க என்று சொல்லியிருக்கிறார். ஒரு மனுஷனை இதைவிட எப்படிக் கேவலப்படுத்த முடியும்? எனக்கு ஆத்திரம். "உள்ள இருந்ததை எடுத்ததும் எடுத்துப்போட்டு, இப்ப கதை சொல்றீங்களா? திருட்டுப் பொருளை வெச்சு எத்தனை நாள் என்னை வேடிக்கை பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது கொஞ்சம் சத்தம்தான்.

அவர் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "வர்றேனுங்க" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அப்படியெல்லாம் நமக்கு வழி விடமாட்டார்.

எல்லோரும் போனதும் சிவகாமி ஒரு பையில் சேலையை மடித்து வைத்தாள்.

"எங்க போறே?"

"பூங்கொடி வீட்டுக்கு. அந்த மனுசன்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னீங்கன்னா அன்னைக்கே வந்துடறேன்."

"சொல்லலைன்னா?"

"சோறு எங்க வேணும்னாலும் கிடைக்குமுங்க" என்றாள். அவளுக்கா, எனக்கா என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பேசினதில்லை. நான் ஹோட்டலில் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன் தம்பி. சாம்பாரில் சர்க்கரை போடுகிறான்.

இன்றைக்கு விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டேன், நாலு பேர் முன்னால் கேட்டு விடலாம் என்று. அதே பையன்தான் இருந்தான். "அன்னைக்கே சொன்னேனுங்களே ஐயா, இது பெட்டி மட்டுந்தானுங்க. டிஸ்க் போட்டாத்தான் எதையும் வெக்க முடியும்" என்றான். அதே மாதிரி புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்துக் காட்டினான். அதுவும் காலி. இன்னொன்றைப் பிரிக்கச் சொன்னேன். அதுவும் காலி.

அப்படியானால் யாரும் எடுக்கவில்லை. தெரிகிறது. எனக்கும் புத்தி இருக்கிறது. ஆனால் தப்பு யார் மேல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கடைக்காரன் உரக்கச் சொல்லவில்லை. மகள் உடைத்துச் சொல்லவில்லை. சகலை சொல்லவே இல்லை. எல்லோரும் சொல்லாமல் இருந்துவிட்டு, நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டால்?

டிஸ்க் வாங்கிவிட்டேன். நாலு அறைக்கும் நாலு. விலையைக் கேட்காதீர்கள். பையனே சொருகிக் கொடுத்தான். ஒன்றில் இருப்பதையே இன்னொன்றிலும் வைக்கிற மாதிரி பண்ணலாமாம், ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும் என்றான். "ஆனா வீட்டுக்குள்ளேயே எத்தனை வெச்சாலும், தீயோ தண்ணியோ வந்தா எல்லாம் போயிருங்க. நம்பிக்கையான இன்னொரு வீட்டுல ஒரு காப்பி இருக்கணும். அவங்களுது உங்ககிட்ட, உங்களுது அவங்ககிட்ட. அப்படி யாராச்சும் இருக்காங்களா ஐயா?" என்று கேட்டான்.

கேட்கிற கேள்வியைப் பாருங்கள். நானும் காங்கேயம் முழுக்க மனசுக்குள் சுற்றி வந்தேன். களத்தில் கூட இருந்தவர்கள், பங்காளிகள், எதிர்வீடு. ஒவ்வொருத்தரோடும் ஏதோ ஒன்று இருக்கிறது. பையன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இருக்காங்க, நீ பில்லைப் போடு" என்றேன்.

அவினாசிபாளையம் வந்துவிட்டதா? அப்படியானால் இனி சீக்கிரம்தான்.

நீங்கள் பல்லடத்தில் டீ குடிக்க இறங்கினபோது சிவகாமி போன் பண்ணினாள். நான் பெட்டியோடு பஸ் ஏறினதை எதிர்வீட்டுக்காரி போய்ச் சொல்லியிருக்கிறாள். "அவரு காரை எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வர்றாருங்க. கனத்தைத் தூக்கிட்டு நடக்க வேண்டாமுன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள். நீயும் வருகிறாயா என்று கேட்டேன். வண்டியில் இருப்பேன், இறங்கமாட்டேன் என்றாள். நான் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் இறங்கி என்னோடு வருவாளாம். இல்லாவிட்டால் பெட்டியை மட்டும் வீட்டில் இறக்கிவிட்டு, வந்த வண்டியிலேயே போய்விடுவாள்.

திட்டு வாங்கினவன் கார் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான் பாருங்கள். வராமல் இருந்திருந்தால் நானும் ரோஷத்தோடு ஆட்டோவில் போயிருப்பேன். அதற்கும் வழியில்லை.

என்ன சொல்வது தம்பி? நீங்கள் படித்தவர். 'மன்னிச்சுக்கோங்க' என்பது சினிமாவில் பேசுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு நாக்கு வளையாது. 'தெரியாம சொல்லிப்போட்டேன்' என்றால், தெரியாதவன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். 'கடைக்காரன் தப்பு' என்று ஆரம்பித்தால் சிவகாமி கார் கதவைத் திறக்கவே மாட்டாள்.

நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். சொல்லிப் பார்க்கிறேன், சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். நேராகப் போய்ப் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிடுவேன். கொடுத்து, "சகலை, உங்களுதுல ரெண்டு அறைதான். எங்கிட்ட நாலு இருக்குது. ஒண்ணை நீங்க வெச்சுக்கோங்க. உங்க வீட்டுது எல்லாம் எங்கிட்ட ஒரு காப்பி இருக்கட்டும்" என்பேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன். போதும் அல்லவா? புரியும். அந்த ஆளுக்கு எல்லாம் புரியும்.

ஒண்ணுதானா என்று கேட்பாரா என்கிறீர்களா? கேட்கமாட்டார் தம்பி. எதையுமே கேட்கமாட்டார். எனக்கு அவரிடம் பிடிக்காததே அதுதான். அதனால் இரண்டாகவே கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள். மெதுவாக. ஸ்டாண்டு வந்துவிட்டது.